கொழுப்பு அனுப்பும் ஓலை



சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் நாற்பத்தாறு வயதான ஒரு குடும்பத் தலைவி. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 76 கிலோ. வெறும் வயிற்றில் அவரது இரத்தச் சர்க்கரையை அளந்த மருத்துவர், 118 மில்லிகிராம் என்று கண்டு, "இது நீரிழிவு அன்று, ஆனால் நீரிழிவின் வாசற்படி" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே ஒரு விளம்பரத்தாள் அவர் கைக்குக் கிடைத்தது. வயிற்றில் உள்ள கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றும், அதோடு சர்க்கரையும் தானாக இறங்கிவிடும் என்றும் அதில் அச்சிட்டிருந்ததாம். அதற்கு வேண்டிய தொகை வீட்டில் இருக்கிறது. ஆனால் அது மூத்த மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம்.

"நாளை நான் நோயில் விழுந்தால் பிள்ளைகளுக்குத்தானே பாரம்? இன்றே கொழுப்பை எடுத்துவிட்டால் என்ன?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். தாயின் உடல்நலம் ஒரு பக்கம், மகளின் கல்வி ஒரு பக்கம் என்று தராசில் நிற்கும் கேள்வி இது. ஆகவே இதற்கு ஒரு வரியில் விடை கூறிவிட நமக்கு மனம் வரவில்லை. கொழுப்பு என்பது யாது, அது நம் உடலில் என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். விடை தானே புலப்படும்.

தட்டியும் திறவாத கதவு

நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. தசைகளிலும் கொழுப்பிலும் உள்ள உயிரணுக்களின் கதவை இன்சுலின் தட்டுகிறது. கதவு திறக்க, சர்க்கரை உள்ளே செல்கிறது. "போதும், இனிச் சர்க்கரையை வெளியே விடாதே" என்று ஈரலுக்குக் கட்டளை இடுவதும் அதுவே. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு இந்த இன்சுலினைப் பிரித்தெடுத்ததால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

ஒரு சிலருக்கு இன்சுலின் தட்டியவுடன் கதவு திறந்துவிடுகிறது. வேறு சிலருக்கோ பலமுறை தட்டினாலும் கதவு பாதிதான் திறக்கிறது. முன்னவரின் உடலுக்கு இன்சுலின் உணர்திறன் மிகுதி என்றும், பின்னவரின் உடலில் இன்சுலின் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறது என்றும் மருத்துவர்கள் கூறுவர். கதவு திறவாதபோது கணையம் ஓயாமல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் இவ்வாறு உழைத்துக் களைத்த கணையம் ஒரு நாள் தளர்ந்துவிடும். அன்று சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவின் பொதுவான கதை இதுதான்.

பருமனாக உள்ளவர்களுக்கு இந்த எதிர்ப்பு மிகுதி என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஆனால் வயிற்றில் தேங்கிய கொழுப்பு எங்கோ கிடக்கும் தசையின் கதவை எப்படி அடைக்கிறது? அதுதான் புதிராக இருந்தது.

கிடங்கு அன்று, சுரப்பி

மிகுந்த உணவைச் சேர்த்து வைக்கும் ஊமைக் கிடங்கு என்றே கொழுப்பை எல்லாரும் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் எலி.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரான பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பிறந்த சில எலிகள் ஓயாமல் தின்று, மற்ற எலிகளைப்போல் பல மடங்கு பருத்தன. இந்தப் பிறவிக் குறை 1950-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்துப் பார்த்தார். பருத்த எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது, பருத்த எலி உணவைக் குறைத்துக்கொண்டது. இயல்பான எலியின் இரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, பருத்த எலிக்கு அது இல்லை என்று கோல்மன் முடிவு செய்தார். அந்தப் பொருள் இன்னதென்று அவரால் அன்று காட்ட இயலவில்லை.

அதைக் கண்டவர் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி ஃப்ரீட்மன். 1994-இல் அவரும் அவருடைய குழுவினரும் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது உருவாக்கும் இயக்குநீருக்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு லெப்டின் என்று பெயரிட்டனர். வியப்பு என்னவெனில், லெப்டினைச் சுரப்பது மூளையுமன்று, கணையமுமன்று. நாம் ஊமை என்று எண்ணிய அந்தக் கொழுப்பே! கையிருப்பு எவ்வளவு என்று கொழுப்பு மூளைக்கு எழுதி அனுப்பும் ஓலையே லெப்டின். ஓலையைப் படித்த மூளை பசியை அடக்குகிறது.

அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டால் எல்லாரும் மெலிந்துவிடலாமே என்று உலகம் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பருத்த மனிதர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு லெப்டின் குறைவாக இல்லை; மிகுதியாகவே இருந்தது. ஓலைமேல் ஓலை வந்து குவிந்தாலும் படிப்பாரில்லாத அரண்மனை போலாகிவிடுகிறது அவர்களது மூளை.

எனினும் லெப்டினால் உயிர் பெற்றவர்களும் உண்டு. உடலில் கொழுப்பே ஏறக்குறைய இல்லாத ஓர் அரிய நோய் இருக்கிறது. கொழுப்பு இல்லாதவர்க்கு நீரிழிவும் இராது என்றுதானே நாம் நினைப்போம்? உண்மை நேர்மாறானது. அவர்களுக்கு மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் நீரிழிவும் உண்டாகின்றன. சேர வேண்டிய இடத்தில் சேர வழியில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படிந்துவிடுவதே காரணம். அத்தகையோருக்கு லெப்டின் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே கொழுப்பு நமக்குப் பகை அன்று. அளவோடும், இருக்க வேண்டிய இடத்திலும் இருந்தால் அது நல்ல ஊழியன்.

நல்ல ஓலையும் தீய ஓலையும்

லெப்டினைப் போன்ற வேறு பல இயக்குநீர்களும் கொழுப்பிலிருந்து புறப்படுகின்றன என்பது பிறகு தெரியவந்தது. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது அடிப்போனெக்டின். 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டனர்; அடுத்த ஆண்டே ஜப்பானின் ஒசாகா நகரில் மட்சுசாவா என்னும் பேராசிரியரின் குழுவினரும் தாமாகவே கண்டனர். 1999-இல் ஒசாகா குழுவினர் வெளியிட்ட செய்தி மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. கொழுப்பில் மட்டுமே பெருமளவில் உண்டாகும் பொருள் கொழுத்தவர்களிடம் மிகுதியாக இருக்க வேண்டுமன்றோ? ஆனால் அடிப்போனெக்டின் கொழுத்தவர்களிடம் குறைந்தும், மெலிந்தவர்களிடம் மிகுந்தும் காணப்பட்டது! இது ஈரலையும் தசையையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கச் செய்யும் நல்ல ஓலை. கொழுப்பணு அளவுக்கு மீறிப் புடைக்கும்போது இந்த நல்ல ஓலையை எழுதுவது குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, அழற்சியைத் தூண்டும் பொருள்கள். பருத்த விலங்குகளின் கொழுப்பிலிருந்து அத்தகைய பொருள் ஒன்று மிகுதியாக வெளிப்பட்டு, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று 1993-இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினர். புண்ணில் புகும் கிருமிகளை எதிர்க்க ஓடிவரும் காவல் அணுக்கள், புடைத்த கொழுப்பினுள்ளும் கூட்டமாய்க் குடியேறுகின்றன என்பது 2003-இல் தெரியவந்தது. வெளியே காய்ச்சலில்லை, வலியில்லை. உள்ளே உமியில் பற்றிய நெருப்பைப்போல் மெல்லிய அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. அந்தப் புகையில் இன்சுலின் தட்டும் ஓசை கதவுக்குக் கேட்பதில்லை.

எல்லாக் கொழுப்பும் ஒன்றுபோல் தீயதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தோலுக்குக் கீழே, தொடையிலும் இடையிலும் படியும் கொழுப்பு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. வயிற்றினுள்ளே குடலைச் சூழ்ந்து படியும் கொழுப்பே ஆபத்தானது. அங்கிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் இரத்தக் குழாய் வழியே நேராக ஈரலுக்குச் சென்றுவிடுகின்றன.

உறிஞ்சி எடுத்தால் என்ன?

இனி நம் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்ட கேள்வியையே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்களும் கேட்டனர். பருமனான பதினைந்து பெண்கள் அந்த ஆய்வுக்கு இசைந்தனர். அவர்களுள் எழுவர் நீரிழிவு உள்ளவர்கள். வயிற்றின் தோலுக்கடியிலிருந்து, ஆளுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோ கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டது. பத்துக் கிலோ! உண்ணா நோன்பிருந்து இளைக்க வேண்டுமாயின் எத்தனை மாதம் ஆகும்? பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்து அந்தப் பெண்களை மீண்டும் சோதித்தனர்.

முடிவு 2004-இல் வெளியாயிற்று. இடுப்பளவு குறைந்திருந்தது, துணிகள் தொளதொளத்தன. ஆனால் தசையிலோ ஈரலிலோ கொழுப்பிலோ இன்சுலின் உணர்திறன் சிறிதும் கூடவில்லை. இரத்த அழுத்தம் மாறவில்லை; சர்க்கரை மாறவில்லை; அடிப்போனெக்டின் உயரவில்லை; அழற்சிப் பொருள்களும் குறையவில்லை.

ஏன்? குழாய் எடுத்தது தோலுக்கடியில் இருந்த கொழுப்பை மட்டுமே. குடலைச் சூழ்ந்த கொழுப்பையும், ஈரலிலும் தசையிலும் படிந்த கொழுப்பையும் அது தொடவில்லை. மேலும், உணவைக் குறைத்து உழைக்கும்போது உடலெங்கும் உள்ள கொழுப்பணுக்கள் ஒவ்வொன்றும் சுருங்குகின்றன. உறிஞ்சி எடுக்கும்போதோ அணுக்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. எஞ்சியவை புடைத்தபடியே நின்று, பழைய ஓலைகளையே அனுப்புகின்றன.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை மருத்துவம் இதனின்றும் வேறானது. மிகப் பருத்தவர்களுக்கு அது நீரிழிவைத் தணிப்பதும் உண்டு. பசியைக் குறைத்து எடையைத் தணிக்கும் புதிய ஊசி மருந்துகளும் இன்று வந்துள்ளன. இவை யாருக்குத் தகும் என்பதை மருத்துவர்தாம் கூற வேண்டும், விளம்பரத்தாள் அன்று.

செலவில்லாத வழி

அப்படியானால் வாசற்படியில் நிற்பவர் திரும்பிச் செல்ல வழியே இல்லையா? உண்டு. அதற்குச் சான்றும் உண்டு.

அமெரிக்காவில் 3,234 பேரைக்கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. அவர்கள் யாவரும் நம் சகோதரியைப்போல் வாசற்படியில் நின்றவர்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பது, வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடப்பது என்ற இரண்டையும் இலக்காகக் கொண்டவர்களிடம், மற்றவர்களைவிட 58 விழுக்காடு குறைவாகவே நீரிழிவு தோன்றியது. மெட்பார்மின் மாத்திரை உண்டவர்களிடம் கண்ட குறைவு 31 விழுக்காடுதான். கால்கள் மாத்திரையை வென்றன!

அது அமெரிக்கர்களுக்கு, நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 531 பேரைக்கொண்டு இத்தகைய ஆய்வை நடத்தி, 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுள் 39 பேரே ஆளாயினர். இவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆயினும் பயன் கிட்டியது. எடைக் கருவியின் முள் அசையவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்திவிடுவோர் இதை நினைவில் வைத்தல் நலம்.

நடை இவ்வாறு பயன் தருவதற்குக் காரணம் இருக்கிறது. உழைக்கும் தசை, இன்சுலின் வந்து தட்டும்வரை காத்திராமல் தன் கதவைத் தானே திறந்து சர்க்கரையை ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் நடந்ததன் பயன் ஓரிரு நாள்வரை நிற்கும், பிறகு மறைந்துவிடும். ஞாயிறன்று ஏழு மைல் நடந்துவிட்டு ஆறு நாள் அமர்ந்திருப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதே சிறந்தது என்பது இதனால் விளங்கும்.

மெலிந்தவர்களும் கவனிக்க

"நாங்கள் ஒல்லியானவர்கள், எங்களுக்கென்ன?" என்று இதைப் படிக்கும் சிலர் எண்ணலாம். அவர்களுக்கும் ஒரு செய்தி. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் ஒளிப்படம் வெளியாயிற்று. ஒருவர் புனே நகரத்து யாக்னிக். மற்றவர் லண்டன் நகரத்து யுட்கின். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கோ 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றத்துக்குள் கொழுத்த உடல் நம் நாட்டவர்க்குப் பொதுவானது.

இதனால்தான் ஐரோப்பியருக்கு 25 என்று வைத்த எல்லையை நம்மவர்க்கு 23 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட எளிய கருவி தையற்காரரின் நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால், சர்க்கரையைச் சோதிப்பது நன்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13 கோடிக்கு மேற்பட்டோருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆதலால் இது அடுத்த வீட்டுக் கதை அன்று.

சகோதரிக்கு நம் விடை

அன்புச் சகோதரி, மகளின் பணத்தைத் தொட வேண்டாம். அந்த விளம்பரம் தரும் வாக்குறுதி மெய்யன்று.

உங்களது எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு என்பது ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். ஆறு மாதத்தில் அதைக் குறைக்க முயலுங்கள். தட்டில் சோற்றின் இடத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைக் கீரைக்கும் காய்க்கும் பயறுக்கும் கொடுங்கள். காப்பியிலும் தேநீரிலும் போடும் சர்க்கரையை விடுங்கள். மாலையில் வடையும் முறுக்கும் வாரம் ஒருமுறை போதும். நாளும் அரை மணி நேரம், மூச்சு சற்றே வாங்கும்படி நடங்கள். மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் துணிகிறோம். நம் வீடுகளில் எல்லாரும் உண்டு எழுந்தபின், சட்டியில் எஞ்சியதை வீணாக்க மனமின்றித் தம் வயிற்றில் இட்டுக்கொள்பவர் தாய்தான். சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் அந்த இரண்டாம் உணவு, பல ஆண்டுகளில் இடுப்பில் ஏறி நிற்கிறது. மீதத்தை மறுநாளுக்கு எடுத்து வையுங்கள். அல்லது முதலிலேயே ஒரு பிடி அரிசியைக் குறைத்துப் போடுங்கள்.

இவ்வளவையும் தாய் தனியாகச் செய்ய வேண்டும் என்று விட்டுவிடுவது முறையன்று. அம்மாவுக்கு மட்டும் கீரை, மற்றவர்க்கு வறுவல் என்றிருக்கும் வீட்டில் எந்த ஒழுங்கும் ஒரு மாதம் தாங்காது. கணவர் உடன் நடக்கட்டும். கல்லூரி செல்லவிருக்கும் மகளும் உடன் வரட்டும். தாயின் உடல்வாகு பிள்ளைகளுக்கும் வரக்கூடியதாகையால், அவள் நடக்கும் ஒவ்வோர் அடியும் அவளுக்கும் நலமே. சேர்த்து வைத்த பணம் அவள் படிப்புக்கு. சேர்ந்து நடக்கும் அரை மணி நேரம் உங்கள் இருவருக்கும்.

ஆறு மாதம் கழித்து மீண்டும் நமக்கு எழுதுங்கள். 118 என்னும் எண் என்னவாயிற்று என்று அறிய நாமும் ஆவலோடு காத்திருப்போம்.